செடி நட்ட ஜல்லிப் படுகை: 16 மாதம் கழித்து எழுதுகிறேன்

வீட்டு அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இந்தப் படுகையைப் போட்டுக்கொடுத்த நிறுவனத்திலிருந்து மூன்று தடவை செய்தி வந்துவிட்டது. "மேடம், ஒரு ரிவ்யூ போடுங்களேன், அஞ்சு ஸ்டார் குடுத்தா சந்தோஷம்." முதல் செய்தி வந்தபோது செடிகளே வேர் பிடித்திருக்கவில்லை. அதற்குள் என்ன மார்க் போடுவது? இப்போது 16 மாதம் ஆகிவிட்டது. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு பெரிய அடைப்பு, ஒரு சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. இனி எழுதலாம்.

நான் 30 வருடத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 'இயற்கை முறை', 'பசுமைத் தீர்வு' என்று யாராவது ஆரம்பித்தால் என் கை தானாக மூக்குக்கண்ணாடியைத் தேடும். அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் வாங்கினேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளியலறை, துணி துவைக்கும் இடம், சமையலறைத் தொட்டி மூன்றிலிருந்தும் வருகிற அழுக்குத் தண்ணீர் முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும், அதற்கடுத்து கசடு படியும் தொட்டிக்கும் போகிறது. பிறகு ஜல்லி நிரப்பிச் செடி நட்ட படுகைக்குள் ஒரு ஓரமாக நுழைந்து, கல்லுக்கு அடியிலேயே நகர்ந்து, மறு ஓரத்தில் வெளியே வருகிறது. கழிப்பறைத் தண்ணீர் இதில் சேராது. அது பழையபடி செப்டிக் டேங்குக்கே போகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரப் படத்தில் 'வீட்டுக் கழிவுநீர் முழுவதும்' என்று போட்டிருந்தது. கழிப்பறையையும் சேர்த்தால் நைட்ரஜன் பல மடங்கு ஏறும். சிறுநீரில்தான் அது அதிகம், தண்ணீரில் அது அமோனியாவாக மாறும். எங்கள் வீட்டில் இருப்பது மாதிரியான படுத்த வாக்கில் ஓடும் படுகையில் ஆக்ஸிஜன் குறைவு, அமோனியாவை அது சரியாக முறிக்காது. அதற்கு மேலிருந்து விட்டுவிட்டு ஊற்றுகிற செங்குத்துப் படுகை வேண்டும், இடமும் கூடுதலாக வேண்டும். என்னிடம் வந்த விற்பனைப் பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் 4 பேர். படுகை 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். கீழே கனமான பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் பெரிய கல், நடுவில் 10 மில்லிமீட்டர் ஜல்லி. தண்ணீர் நிற்பது 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு. கணக்குப் பார்த்தால் 3,000 லிட்டர் கொள்ளும் இடம். அதில் பாதிக்கு மேல் கல்லே அடைத்துக்கொள்ளும், இடுக்குகளில் மிஞ்சுவது 40 சதவீதம், அதாவது 1,200 லிட்டர். நாங்கள் ஒரு நாளைக்கு விடுவது 300 லிட்டர் என்றால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர 4 நாள். இந்த 4 நாள்தான் மொத்த வியாபாரமும். உங்களுக்கு விலைப்பட்டியல் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'தண்ணீர் உள்ளே எத்தனை நாள் தங்கும்?' பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

செடிகள் கல்வாழை, சம்பு, குடை விரித்த மாதிரி நிற்கும் ஒரு கோரை. கல்வாழை மூன்றாம் மாதமே பூத்துவிட்டது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "சோப்புத் தண்ணி குடிச்சு இவ்வளவு சிவப்பா பூக்குதே" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். வருகிறவர்கள் எல்லோரும் செடியைத்தான் பார்க்கிறார்கள். பாவம், பாதி வேலைகூட அது செய்வதில்லை.

அழுக்கைத் தின்பது கல்லின்மேல் வழவழவென்று படர்கிற பாக்டீரியாப் படலம். ஒரு ஜல்லியை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், தெரியும். செடி நேராக உறிஞ்சிக்கொள்வது சிறு பங்குதான். ஆனால் செடி இல்லாமல் முடியாது என்பதற்கும் காரணம் உண்டு. முற்றிய சம்பு இலை ஒன்றைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். தேனடை மாதிரி அறை அறையாக, உள்ளே முழுக்கக் காற்று. அந்தக் குழாய்கள் வழியாகத்தான் மேலேயிருந்து காற்று வேருக்கு இறங்குகிறது. வேரைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டத்தில் ஆக்ஸிஜன் கசிகிறது, அதற்கு அப்பால் ஆக்ஸிஜனே இல்லை. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் வசதி. ஒரு இடத்தில் அமோனியா நைட்ரேட்டாகிறது, இன்னொரு இடத்தில் அந்த நைட்ரேட் நைட்ரஜனாகிக் காற்றோடு போய்விடுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் 1950-களிலேயே கோரை வகைகளை அழுக்குத் தண்ணீரில் வளர்த்து, தண்ணீர் தெளிவதைக் காட்டினார். கழிவுநீர்ப் பொறியாளர்கள் அவரை லேசில் நம்பவில்லை. 1974-இல் அதே நாட்டில் ஓத்ஃபிரேசன் என்ற ஊரில், ரைன்ஹோல்ட் கிக்குத்தின் 'வேர் மண்டல முறை'யில் ஊர்க் கழிவுநீருக்கே ஒரு படுகை வந்தது. 'எங்கள் பிரத்யேகத் தொழில்நுட்பம்' என்று துண்டுப் பிரசுரத்தில் படித்தபோது எனக்கு அந்த சைடல் அம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

சரி, தண்ணீர் சுத்தமாகிறதா? நான் வேலை பார்த்த இடத்துக்கு மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓட வெட்கமாக இருந்தது. அதனால் பழைய வித்தை ஒன்றைக் கையில் எடுத்தேன். தண்ணீரிலுள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று அளப்பது பி.ஓ.டி. சோதனை. அதற்கு வசதியில்லாத இடங்களில் அந்தக் காலத்தில் செய்வது இது. மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் வேண்டும், மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இருக்கும். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, சில துளி நீலம் விட்டு மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் அழுக்கு மிச்சம் இருந்தால் பாக்டீரியா அதைத் தின்று உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை முடித்துவிடும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நீலம் வெளுத்துப்போகும். 5 நாள் நீலம் நின்றால் அந்தத் தண்ணீரை நம்பலாம்.

கசடுத் தொட்டித் தண்ணீர் மறுநாள் காலையிலேயே வெளுத்தது, எதிர்பார்த்ததுதான். படுகையிலிருந்து வெளியே வந்த தண்ணீர் முதல் மாதம் இரண்டாம் நாள் வெளுத்தது. நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "பில்டர் ஓடிட்டு இருக்கு மேடம், தண்ணி கிளியரா இருக்கு பாருங்க" என்றார்கள். தெளிவாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றில்லை என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். உண்மையில் அது அவர்கள் குற்றமும் இல்லை. கல்லில் படலம் பிடிக்கவும் வேர் இறங்கவும் சில மாதம் ஆகும். அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டாம் மாதம் மூன்று நாள். நான்காம் மாதக் கடைசியில் வைத்த பாட்டில் ஐந்தாம் நாள் காலையிலும் பளிச்சென்று நீலமாக நின்றது. ஜன்னல் ஓரத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னம்மா, பாட்டிலைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கே" என்று மகள் கேட்டாள்.

வெளியே வரும் தண்ணீரில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். அழுகிய இலை, வேர்களிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம். மண்வாசனை இருக்கும், நாற்றம் இல்லை. ஆனால் கிருமி முழுவதும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் வேரடியில் மட்டும் விடுகிறேன், மேலே தெளிப்பதில்லை. பச்சையாகத் தின்கிற எதற்கும் இல்லை.

இப்போது அடைப்புக் கதை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில் நுழையும் ஓரத்தில் ஜல்லிக்கு மேலே தண்ணீர் தேங்கி நின்றது. இந்தப் படுகையின் முக்கியமான நன்மையே தண்ணீர் கண்ணில் படாமல் கல்லுக்கு அடியில் ஓடுவது, அதனால் கொசு வராது. இங்கே குனிந்து பார்த்தால் நெளிநெளியாகக் கொசுப்புழு. கையை விட்டுக் கல்லைத் தோண்டினேன். நான்கு விரல் ஆழத்தில் கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு ஒரு கூழ். கல்லின்மேல் வெள்ளையாக, உருகி உறைந்த மெழுகுவர்த்தி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. பிளம்பர் தம்பி ஒரு கல்லை எடுத்து உரசிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சேறு இல்ல, எண்ணெய். சோப்போட சேர்ந்து கட்டியாயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. எண்ணெய் பிரிக்கும் தொட்டியை நிறுவனம் ஒரு வாளி அளவுக்குத்தான் வைத்திருந்தது, 20 லிட்டர் இருக்கும். சமையலறையிலிருந்து சூடாக வருகிற தண்ணீரில் எண்ணெய் உருகிய நிலையில் இருக்கும். அது ஆறி, மேலே மிதக்க நேரம் வேண்டும். வாளி அளவுத் தொட்டியில் அதற்கு நேரமே கிடைக்காது, எண்ணெய் அப்படியே படுகைக்குப் போய்க் குளிர்ந்த கல்லில் உறைந்துவிடும். உள்ளே தண்ணீர் பரப்பும் குழாயின் துளைகளும் பென்சில் முனை அளவுதான், பாதி அடைந்து கிடந்தன.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். விற்கும்போது 'பராமரிப்பே தேவையில்லை' என்று சொன்னதை நினைவுபடுத்தினேன். மறுமுனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பராமரிப்பு தேவையில்லைன்னுதான் மேடம் சொன்னோம், கவனிப்பு தேவையில்லைன்னு சொல்லலையே" என்றார். கோபம் வந்தாலும் இந்த வாக்கியத்துக்கு ஒரு மார்க் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆள் வரவில்லை. நானும் தம்பியும் சேர்ந்து முதல் ஒரு மீட்டர் கல்லை அள்ளிச் சல்லடையில் கழுவிப் போட்டோம். இரண்டு வாரம் தண்ணீரைப் பழைய சாக்கடைக்கே திருப்பிவிட்டு, படுகையைக் காயப்போட்டோம். காற்று பட்டால் படலம் தன்னைத்தானே தின்று மெலிந்துவிடும், அடைத்த படுகைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. எண்ணெய்த் தொட்டியை நான்கு மடங்கு பெரிதாக மாற்றினோம். துளைக் குழாயை எடுத்துவிட்டு வாய் அகலமான 'டீ' வடிவக் குழாய் இணைப்பைப் பொருத்தினோம். 15 நாளுக்கு ஒரு தடவை எண்ணெய் ஆடையைக் கரண்டியால் வழித்து எடுக்கிறேன். பத்து நிமிட வேலை, ஆனால் இனிமையான வேலை இல்லை. இதை யாரும் செய்ய மாட்டார்கள் என்றால் உங்கள் வீட்டுக்கு இந்தப் பொருள் வேண்டாம். அதற்குப் பிறகு 11 மாதமாக அடைப்பு இல்லை.

வேறு சில்லறை விஷயங்கள். வெளியேறும் இடத்தில் திருப்பக்கூடிய ஒரு வளைந்த குழாய்த் துண்டு (எல்போ) வைத்திருக்கிறார்கள், அதை நிமிர்த்தினால் உள்ளே தண்ணீர் மட்டம் ஏறும், சாய்த்தால் இறங்கும். மிக நல்ல ஏற்பாடு. நட்ட புதிதில் மட்டத்தை மேலே வைத்து, பிறகு வாரம் கொஞ்சமாக இறக்கினால் தண்ணீரைத் தேடி வேர் ஆழமாகப் போகும். கோடையில் செடி நிறையக் குடித்துவிடும். 300 லிட்டர் விட்டால் 240, 250 தான் வெளியே வரும், 'ஊற்றியது முழுவதும் திரும்பக் கிடைக்கும்' என்பது பேச்சு. மொட்டைமாடி மழைத்தண்ணீரை இதில் சேர்த்துவிடாதீர்கள், ஒரே மழையில் 4 நாள் கணக்கு அரைநாளாகிவிடும். ஒரு முறை விருந்தாளி ஒருவர் குளியலறையைக் கழுவுகிறேன் என்று பிளீச்சிங் கரைசலை வாளி வாளியாக ஊற்றினார். அந்த வாரப் பாட்டில் இரண்டே நாளில் வெளுத்தது. படலம் தேற மூன்று வாரம் ஆனது. விருந்தாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை, பிளீச்சிங் டப்பாவை மட்டும் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

கடைசியாக அந்தச் சான்றிதழ். பணம் கட்டி முடித்ததும் சட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்தார்கள். பச்சை இலைப் படம், தங்க எழுத்து. 'உங்கள் படுகை ஆண்டுதோறும் 100 மரங்களுக்குச் சமமான கார்பனை உறிஞ்சுகிறது.' என் மாமியார் அதைக் கூடத்தில் மாட்டச் சொன்னார். நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

சதுர மீட்டருக்கு வருடம் 2 கிலோ காய்ந்த செடி வளர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 6 சதுர மீட்டருக்கு 12 கிலோ. அதில் கார்பன் ஏறக்குறைய 45 சதவீதம், அதாவது 5.4 கிலோ. கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றினால் சுமார் 20 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும், ஆக 9 லிட்டர் பெட்ரோல்கூட இல்லை. அதுவும் தங்குகிறதா? நான் வெட்டிய கல்வாழைத் தண்டு குப்பைக்குழியில் ஆறு மாதத்தில் மக்கிப் பாதிக்கு மேல் காற்றிலேயே கலந்துவிட்டது. போதாததற்கு, ஆக்ஸிஜன் இல்லாத ஜல்லிக்குள் மீத்தேனும் உண்டாகும். 100 வருடத்தில் பூமியை எவ்வளவு சூடாக்கும் என்ற கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். வருடத்துக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாக மீத்தேன் கசிந்தாலே அந்த 20 கிலோவும் காலி.

சதுப்பு நிலம் கார்பனைப் பிடித்து வைப்பது பொய்யில்லை. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் கரிச்சதுப்பு, அதாவது பாதி மக்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு, ஆனால் பூமியிலுள்ள காடுகளின் மரங்கள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதில் கார்பன் அதிகம். ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப் படுகையின் நடுவில் இருக்கிற சதுப்பை 2017-இல் அளந்து சொன்னார்கள், அங்கே மட்டும் 3,000 கோடி டன். ஆனால் அது எப்படிச் சேர்ந்தது? விழுந்த இலை தண்ணீருக்குள் மூழ்கி, மக்க முடியாமல், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான வருடம். வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் சேர்ந்தது எல்லாம் மறுபடி காற்றுக்கே போகும். என் வீட்டுப் படுகையில் கசடு சேர்ந்தால் நான் தோண்டி எடுத்துவிடுகிறேன். சேரவிட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு வேலையையும் ஒரே குழியில் எதிர்பார்க்க முடியாது.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், நியாயமாகச் சொல்லக்கூடிய கார்பன் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் சொல்லவே இல்லை. இதற்குப் பதில் நான் வாங்கப் பார்த்தது காற்று ஊதிச் சுத்தம் செய்யும் ஒரு டப்பா. அதன் ஊதி 60 வாட், ராப்பகலாக ஓட வேண்டும். வருடத்துக்கு 525 யூனிட். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஆக 500 கிலோவுக்கு மேல். என் படுகையில் தண்ணீர் சரிவில் தானாக ஓடுகிறது. ஓமனில் நிம்ர் எண்ணெய் வயலில் இதையே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் தண்ணீரை மின்சாரம் செலவழித்து ஆழத்துக்குத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தவர்கள், நாணல் படுகைகளில் சரிவாக ஓடவிட்டார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கும் மேல். மிச்சமாவது நாணல் உறிஞ்சிய கார்பன் இல்லை, ஓடாத மோட்டாரின் கார்பன்.

மார்க் கேட்டார்களே, தண்ணீர் வேலைக்கு 4. எண்ணெய்த் தொட்டியைச் சரியான அளவில் வைத்திருந்தால் அரை கூடியிருக்கும். போன் எடுத்துப் பேசுவதற்கு 2. சான்றிதழுக்கு ஒன்றும் இல்லை.

அந்த 100 மரம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டு எழுதி ஏழு வாரம் ஆகிறது. அதற்குப் பதில் வரவில்லை. நேற்று நான்காவது செய்தி வந்திருக்கிறது: "மேடம், ரிவ்யூ ஞாபகம் இருக்கா?"